மாவு கடையில் கிடைக்கிறது

பந்தியில் சொல்லப்படுகிற அபிப்பிராயங்களுக்கு எழுத்தில் பதில் சொல்லக் கூடாது என்பது என் வழக்கம். வயிறு நிறைகிற நேரத்தில் மனிதன் எதை வேண்டுமானாலும் சொல்வான். ஏப்பம் வந்ததும் மறந்தும் போவான். ஆனால் சென்ற ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஏனென்றால் அவருக்கு அப்பால் மூன்றாவது இலையில் என் தங்கை மகன் உட்கார்ந்திருந்தான். அதைக் கேட்டபின் அவன் பாயசத்தைத் தொடவில்லை.

பக்கத்து இலைக்காரர் பையனுக்குப் பெரியப்பா முறை. ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் இருநூறு பேரை மேய்க்கிற உத்தியோகம். பையன் இஞ்சினீயரிங் மூன்றாவது வருஷம் என்று தெரிந்ததும், "என்னப்பா ப்ராஜெக்ட் பண்றே?" என்று விசாரித்தார்.

பையன் கொஞ்சம் கூச்சத்தோடு, "கிட் மாதிரி ஒண்ணு பெரியப்பா. சின்னதா, நானே எழுதிப் பாக்கறேன்" என்றான்.

அவர் சிரித்தார். "கடையிலே இட்லி மாவு பாக்கெட்டுல விக்குது. நீ எதுக்குடா ஆட்டுக்கல்லை உருட்டிக்கிட்டிருக்கே?"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை ஒளிக்க விரும்பவில்லை. எனக்கு அப்போது கிட் என்றால் என்னவென்றே தெரியாது. வாக்கியம் நன்றாக இருந்தது, சிரித்தேன். கதை எழுதுகிறவனுக்கு உள்ள வியாதி அது. வாக்கியம் நன்றாக இருந்துவிட்டால் அதில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றாது. அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தம் இந்தக் கட்டுரை என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் கழித்து அவன் கல்லூரியில் ப்ராஜெக்டுகளைப் பரிசீலித்தார்கள். மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்து அதே வாக்கியத்தை, மாவும் ஆட்டுக்கல்லும் இல்லாமல், இங்கிலீஷில் சொன்னார்கள்: இது ஏற்கெனவே இருக்கிறதே, இதில் புதுமை என்ன? நூற்றுக்கு நாற்பத்தொன்று. அவனுக்கு அடுத்த நம்பர் பையன் ஆஸ்பத்திரி நிர்வாகப் புரொகிராம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். எழுதி வைத்து விற்கிற கடையில் விலைக்கு வாங்கியது என்பது வகுப்புக்கே தெரியும். கலர் அட்டை போட்டு பைண்டு செய்த ரிப்போர்ட்டோடு சேர்த்துத்தான் கொடுப்பார்களாம். அவனுக்கு எண்பத்திரண்டு. நான் கேட்கிறேன்: உலகத்தில் இதுவரை எவரும் எழுதாததா ஆஸ்பத்திரி நிர்வாகப் புரொகிராம்? புதுமை இல்லை என்பதுதான் குற்றமென்றால், விலைக்கு வாங்கியவனுக்கு அந்தக் குற்றம் ஏன் பொருந்தவில்லை?

என் தங்கை போன் செய்தாள். "பத்து நாளா அந்தப் பொட்டியைத் திறக்கவே இல்லைண்ணே. கேட்டா ஒண்ணுமில்லேங்கறான்." லீவுக்கு இங்கே அனுப்பு என்றேன். வந்தான். வந்த அன்று இரவு மொட்டை மாடியில் உட்கார்ந்து, "நீ செய்யறது என்னன்னு எனக்கு முதல்லேர்ந்து சொல்லு. நான் காலேஜில ரெண்டு வருஷத்தோட நின்னவன், கணக்குல மட்டம். அதுக்குத் தகுந்தமாதிரி சொல்லு" என்றேன். அவன் சொன்னதைத்தான் வாசகர்களுக்கு இங்கே திருப்பிச் சொல்கிறேன். தப்பு இருந்தால் என்னுடையது.

என் லேப்டாப்பில் ஒரு நாவல் இருக்கிறது. அதன் பெயர் 'நாவல் கடைசி'. அதற்குக் கீழே 'நாவல் கடைசி 2'. அப்புறம் 'நாவல் உண்மையான கடைசி'. அதற்கும் கீழே, வெட்கத்தோடு சொல்கிறேன், 'இதுதான்'. எழுதுகிறவர்கள் எல்லோரிடமும் இந்தக் கூத்து உண்டு. புரொகிராம் எழுதுகிறவர்களிடம் இன்னும் ஜாஸ்தி. ஒரே பைலை ஐம்பது பேர் திருத்துவார்கள். எவர், எப்போது, எதற்காக, எதை மாற்றினார் என்பது தெரியாவிட்டால் வேலை நாறிப்போகும். அந்தக் கணக்கை வைத்துக்கொள்கிற கருவிதான் கிட். பின்லாந்தில் பிறந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் அதை எழுதத் தொடங்கினார். அவருடைய லினக்ஸ் வேலைக்கு அதுவரை பிட்கீப்பர் என்ற வேறொரு கருவி இலவசமாகக் கிடைத்துவந்தது. அந்த இலவசம் நின்றுபோயிற்று. சில நாட்களிலேயே கிட் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்கிற நிலைக்கு வந்துவிட்டது. இன்று உலகத்தில் புரொகிராம் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் உபயோகிக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய சங்கதிக்குள்ளே என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? முக்கியமாக மூன்று விதமான சீட்டு இருக்கிறது. அவ்வளவுதான்.

ஒரு பைலில் உள்ளதை அப்படியே ஒரு கணக்கில் போட்டு அரைத்தால் நாற்பது எழுத்தில் ஒரு பெயர் வரும். ஹாஷ் என்கிறார்கள். பெயர் வைக்கிறவன் இஷ்டப்படி வைக்கிற பெயர் அல்ல. உள்ளே இருப்பதிலிருந்து பிறக்கிற பெயர். உள்ளடக்கம் அதேதான் என்றால் பெயரும் அதேதான். ஒரு காற்புள்ளியை மாற்றினால் பெயர் முழுக்க மாறிவிடும். அந்தப் பெயரில் பைலைச் சுருக்கி உள்ளே வைக்கிறது. இது முதல் சீட்டு. எந்த பைலுக்கு எந்த நாற்பது எழுத்து என்கிற ஜாபிதா இரண்டாவது சீட்டு. இன்னார், இன்ன நேரத்தில், இன்ன காரணத்துக்காக, இந்த ஜாபிதாவை வைத்தார், இதற்கு முந்திய சீட்டு இன்னது என்று எழுதி வைப்பது மூன்றாவது. கமிட் என்று பெயர். பிராஞ்ச், பிராஞ்ச் என்று பெரிதாகப் பேசிக்கொள்கிறார்களே, அது இந்த நாற்பது எழுத்தைக் குறித்து வைத்த ஒரு சின்ன பைல். கடைசியில் வரி முடிகிற குறியையும் சேர்த்து நாற்பத்தொரு பைட்.

நான் அசந்துபோனேன். எனக்கே புரிந்துவிட்டதே என்ற அசப்பு.

பிற்பாடு ஒரு நாள் வேறு காரியமாகப் பந்திக்காரரிடம் போனில் பேச நேர்ந்தது. வேண்டுமென்றேதான் கேட்டேன்: "நீங்க கமிட் பண்றப்போ கிட் முழுப் பைலையும் வைக்குமா, மாறினதை மட்டும் குறிச்சு வைக்குமா?" அவர் சந்தேகமே இல்லாமல், "மாறினதை மட்டும்தான். இல்லேன்னா இடம் எங்கே பத்தும்?" என்றார். தப்பு. மாறிய பைலை அது முழுசாகவே வைக்கிறது. மாறாத பைலுக்குப் பழைய பெயரையே ஜாபிதாவில் எழுதிக்கொள்கிறது. பிற்பாடு இடத்தைச் சிக்கனம் செய்ய மூட்டை கட்டும்போது வித்தியாசங்களாகச் சுருக்குவது உண்டு. அது வேறு விஷயம். பத்து வருஷமாக தினம் தொடுகிற கருவியைப் பற்றி இருநூறு பேருக்குத் தலைவர் சொன்ன பதில் இது. மூன்றாவது வருஷப் பையன் கையால் செய்து பார்த்ததனால் இந்தத் தப்பைச் செய்யமாட்டான்.

அவரைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. அவர் கெட்டிக்காரர். அவருடைய வேலைக்கு அது தெரியவேண்டியதும் இல்லை. டாக்ஸி ஓட்டுகிறவருக்கு இஞ்சினுக்குள் என்ன வெடிக்கிறது என்று தெரிந்துதான் ஆகவேண்டுமா? வேண்டாம். ஆனால் பையன் படிப்பது டாக்ஸி ஓட்ட அல்லவே! இஞ்சினீயர் என்று சர்ட்டிபிகேட் கொடுக்கப்போகிற இடத்தில் இஞ்சினைத் திறந்தவனுக்கு நாற்பத்தொன்று, மூடி வைத்தவனுக்கு எண்பத்திரண்டு என்பதுதான் என் சண்டை.

குற்ற உணர்ச்சியில் அவனிடம் சொன்னேன்: "என் நாவலை உன் கருவியில போட்டுக் காட்டு." அவன் தயங்கினான். "வேணாம் மாமா. இது கத்துக்கறதுக்காகச் செஞ்சது. நம்பி ஒப்படைக்கிற அளவுக்கு இல்லை." எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்தது. தான் செய்த பொருளைப் பற்றி இப்படிச் சொல்லத் தெரிந்தவன் ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறான். நகல் எடுத்துக் கொடுத்தேன்.

போட்டான். வைத்துக்கொண்டது. "இப்ப திரும்ப எடுக்கறேன்" என்றான். எடுத்தான். ஏழாம் அத்தியாயத்தில் கதாநாயகியின் தாயார் வாயைத் திறந்து ஒரு உண்மையைச் சொல்லப் போகிறாள், 'உன் அப்பா' என்று ஆரம்பிக்கிறாள், அங்கே நின்றுவிட்டது. அதற்கப்புறம் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. அதோடு சரி. எல்லா அத்தியாயமும் அப்படியே. ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வந்தது, மிச்சம் காணோம்.

பையன் முகம் வெளுத்துவிட்டது. அதுவரை எவ்வளவோ சோதித்துப் பார்த்திருக்கிறான். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஆனால் சோதித்ததெல்லாம் இங்கிலீஷ் பைல்கள்.

இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பினான். "மாமா, 'அம்மா'ன்னா எத்தனை எழுத்து?"

தூக்கக் கலக்கத்தில் எனக்குக் கோபம் வந்தது. "மூணு. இதைக் கேக்கவா எழுப்பினே?"

"உங்களுக்கு மூணு. பைதானைக் கேட்டா அஞ்சுங்குது. டிஸ்கில பதினஞ்சு இருக்கு."

கூட்டிப் போய்க் காட்டினான். யூனிகோடில் 'அம்மா' என்பது அ, ம, மேலே வைக்கிற புள்ளி, மறுபடி ம, கால் என ஐந்து குறிகள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் டிஸ்கில் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. ஆகப் பதினைந்து. இங்கிலீஷில் ஒரு எழுத்து, ஒரு குறி, ஒரு பைட், மூன்றும் ஒன்று. ஒவ்வொரு சீட்டின் தலையிலும் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று நீளத்தை எழுதவேண்டும். இவன் பைட்டை எண்ணாமல் குறியை எண்ணி எழுதிவிட்டான். வைக்கும்போது பதினைந்தும் போயிற்று. எடுக்கும்போது தலையில் ஐந்து என்று இருந்ததால் ஐந்தோடு நின்றுகொண்டது. இடைவெளிக்கும் காற்புள்ளிக்கும் ஒரே பைட் என்பதால்தான் சரியாக மூன்றில் ஒன்றாக இல்லாமல் சற்று மேலாக வந்தது.

"ரெண்டு செமஸ்டர் யூனிகோட் படிச்சேன் மாமா. பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கினேன். இப்பத்தான் புரியுது" என்றான். மணி மூன்று. அவன் முகத்தில் பத்து நாளாக இல்லாத ஒன்று திரும்பி வந்திருந்தது. நான் போய்க் காபி போட்டேன்.

கடை மாவு வாங்குகிறவர்களுக்கு இந்த இரவு கிடைக்காது. கிட்டில் இந்தத் தப்பு இல்லை. யாரோ எப்போதோ சரியாகச் செய்துவிட்டார். அதனாலேயே அங்கே ஒரு விஷயம் இருக்கிறது என்பதே உபயோகிக்கிறவருக்குத் தெரிவதில்லை. நாளைக்கு இந்தப் பையனே ஒரு பாங்கிலோ ரயில்வேயிலோ தமிழ்ப் பெயர்களை எண்ணி வெட்டுகிற புரொகிராம் எழுதப்போகிறான். அன்றைக்கு 'ஏழாம் அத்தியாயம்' அவன் ஞாபகத்துக்கு வருமல்லவா? என் பெயரைப் பாதியில் வெட்டி அச்சடித்த ரசீதுகள் என் மேஜை இழுப்பறையில் நாலைந்து இருக்கின்றன. அவற்றை அச்சடித்த புரொகிராமை எழுதியவர்களும் எங்கேயோ எண்பத்திரண்டு மார்க்கு வாங்கியவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

இன்னொரு கூத்து. நாவலின் இரண்டு பிரதிகளை அவன் கருவியில் ஒப்பிட்டுப் பார்த்தோம். கண்ணுக்கு அச்சு அசலாக ஒன்றாக இருக்கிற வரிகளை வேறு வேறு என்று காட்டியது. நான் கருவியைச் சந்தேகித்தேன். அவன் இரண்டையும் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது உங்க தப்பு மாமா" என்றான். பழைய பிரதி, ஒரு காலத்து எழுத்துருவில் அடித்து அப்புறம் மாற்றியது. அதில் 'கொ' என்பது க, ஒற்றைக் கொம்பு, கால் என மூன்று துண்டு. புதியதில் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி. பார்வைக்கு ஒன்று, உள்ளே ஒன்று ஒன்பது பைட், மற்றது ஆறு. இருபது வருஷமாகத் தமிழ் எழுதிப் பிழைக்கிற எனக்கு ஒரு 'கொ'வுக்குள் இரண்டு ஜாதி இருப்பது தெரியாது.

ஒப்பிடுகிற வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும், எனக்கு மிகவும் ருசித்த பகுதி அதுதான். இரண்டு பிரதிகளை வைத்து எது போனது, எது வந்தது என்று சொல்கிற புரொகிராமுக்கு டிஃப் என்று பெயர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெல் லாபரட்டரியில் டக்ளஸ் மக்கில்ராய் செய்தது. அதன் உள் கணக்கை அவரும் ஜேம்ஸ் ஹன்ட்டும் 1976இல் ஒரு அறிக்கையாக எழுதினார்கள். இரண்டு பிரதியிலும் வரிசை மாறாமல் பொதுவாக இருக்கிற மிக நீளமான தொடரைக் கண்டுபிடி; அதில் சேராதவை எல்லாம் போனவை அல்லது வந்தவை. பையன் இதைப் பாடப் புத்தகத்தில் உள்ளபடி கட்டம் போட்டுச் செய்தான். ஆயிரம் வரிக்கு ஆயிரம் வரி என்றால் பத்து லட்சம் கட்டம். லேப்டாப் மூச்சு வாங்கிற்று. அப்புறம்தான் யூஜீன் மையர்ஸ் என்பவர் 1986இல் எழுதிய வேகமான வழியைத் தேடிப் படித்தான். கிட் சாதாரணமாக உபயோகிப்பது அதைத்தான். தானே நத்தை வேகத்தில் ஒன்றைச் செய்து பார்த்தவன் அந்தக் கட்டுரையைப் படித்த படிப்பு வேறு. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே படித்தான். நான் துப்பறியும் நாவல் என்று நினைத்தேன்.

ஆனால் இதெல்லாம் வரிக்கு வரி ஒப்பிடுகிறது. புரொகிராமில் வரி சிறியது. நாவலில் ஒரு பாரா முழுக்க ஒரே வரி. இருநூறு வார்த்தைப் பாராவில் நான் ஒரே ஒரு 'ஆனால்' எடுத்திருந்தால், பாரா முழுக்கப் போய்விட்டது, புதிதாக ஒரு பாரா வந்திருக்கிறது என்று கருவி கூச்சலிட்டது. வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து ஒப்பிடு என்றேன். முற்றுப்புள்ளியில் பிரித்தான். 'உ.வே.சா.' மூன்று வாக்கியமாயிற்று.

அந்தப் பெயர் வந்ததனால் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட சாமிநாதையர் ஏட்டுப் பிரதிகளை எதிரெதிரே வைத்துக்கொண்டு செய்ததும் இதே காரியம்தானே? பாடபேதம் என்று நம்மிடம் ஒரு வார்த்தையே இருக்கிறது. பையன் அதைக் கேள்விப்பட்டதில்லை. இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். மறுநாள் அவன் கருவியில் டிஃப் என்றிருந்த கட்டளை 'பேதம்' ஆகியிருந்தது.

இனி எதிர்க்கட்சியின் வாதங்களுக்கு வருகிறேன்.

"இருப்பதையே செய்வானேன்?" 1972இல் பெல் லாபரட்டரியில் மார்க் ரோச்கைண்ட் எஸ்.சி.சி.எஸ். என்ற கருவியைச் செய்தார். அது இருக்கும்போதே வால்டர் டிச்சி 1980களின் தொடக்கத்தில் ஆர்.சி.எஸ். செய்தார். அது இருக்கும்போதே ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூன் என்ற ஆசிரியர், தானும் தன் மாணவர் இருவரும் வெவ்வேறு நேரத்தில் வேலை செய்ய நேர்ந்ததால், ஆர்.சி.எஸ்.மேலேயே சில கட்டளைகளைத் தைத்து சி.வி.எஸ். என்று ஒன்றை உண்டாக்கி 1986இல் வெளியிட்டார். பிறகு 2000இல் சப்வெர்ஷன் தொடங்கியது. அப்புறம் கிட். ஒவ்வொருவர் பக்கத்து இலையிலும் ஒரு பெரியப்பா இருந்திருந்தால் உலகம் இன்னும் 'நாவல் கடைசி 2'இல் நின்றிருக்கும்.

இது நல்ல வாதம்; சபையில் சொன்னால் கைதட்டுவார்கள். ஆனால் இது என் வாதமல்ல. அவர்கள் எல்லோரும் தேவைக்காகச் செய்தார்கள். இருந்தது போதவில்லை என்று செய்தார்கள். என் மருமகனுக்குத் தேவை எதுவுமில்லை, கிட் அவனுக்குப் போதும். அவன் செய்தது கிட்டை ஜெயிக்கப் போவதில்லை. அவனுக்கே அந்த எண்ணம் கிடையாது. செய்து முடித்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். பாட்டுக் கற்றுக்கொள்கிற குழந்தை சரளி வரிசை பாடுகிறது. 'இது ஏற்கெனவே பாடியாகிவிட்டது, புதுமை எங்கே?' என்று எந்தப் பாட்டு வாத்தியாராவது கேட்டதுண்டா? எனக்குப் பதினேழு வயசில் புதுமைப்பித்தன் கதை ஒன்றை நோட்டுப் புத்தகத்தில் வரிக்கு வரி கையால் எழுதிப் பார்த்தேன். "அச்சிலே இருக்கிறதை எதுக்குடா எழுதறே, பேனா மை தண்டம்" என்றாள் அம்மா. வாக்கியம் எங்கே திரும்புகிறது என்பதைக் கண் பார்ப்பது வேறு, விரல் உணர்வது வேறு. அதை அம்மாவுக்கு அன்று விளக்க முடியவில்லை. அவள் ஆட்டுக்கல்லில் மாவு அரைத்தவள். கை வைத்தே பதம் சொல்லிவிடுவாள். அந்த வகையில் விளக்கியிருந்தால் புரிந்துகொண்டிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆரம்ப வகுப்பு மாணவர்களுக்கு 'கிட்லெட்' என்ற பெயரில் இதே வேலையைக் கட்டாயப் பயிற்சியாகக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்ற அர்த்தத்தில் இதைச் சொல்லவில்லை. ஆனால் நம்முடைய மூன்று ஆசிரியர்களுக்கு வேறு எந்தச் சாட்சியும் ஏறாது என்பதால் சொல்கிறேன்.

அடுத்த வாதம் புதுசு, முந்தினதைவிடப் பலமானது. "இப்போது எந்திரத்திடம் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் அதுவே எழுதிக் கொடுத்துவிடுகிறதே. பையன் மாசக்கணக்காக உட்கார்ந்து என்ன லாபம்?" இதைச் சும்மா ஒதுக்க எனக்கு மனமில்லை. நானே அவன் முன்னால் எந்திரத்திடம் கேட்டேன். எழுதிக் கொடுத்தது. ஓடவும் ஓடியது. எனக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கேட்பதற்கு ஒரு கேள்விகூட எனக்கு இல்லை. பையனோ வரிக்கு வரி படித்தான். "இங்கே பைட்டைத்தான் எண்ணியிருக்கு, சரி" என்றான். கொஞ்சம் கழித்து, "ஒரு ஃபோல்டருக்குள்ள இன்னொரு ஃபோல்டர் காலியா இருந்தா என்ன செய்யும்?" என்று முணுமுணுத்தான். கிட்டே காலி ஃபோல்டரைக் கணக்கில் வைப்பதில்லையாம். ஏன் என்பதைப் பற்றி எனக்கு அரைமணி நேரம் உபந்நியாசம் செய்தான். ஒரே காகிதம் என் கையில் வெறும் காகிதமாகவும் அவன் கையில் ஒரு பேச்சுத் துணையாகவும் இருந்தது. மாசக்கணக்கில் உட்கார்ந்ததன் லாபம் என்ன என்று கேட்கிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தைத்தான் காட்டமுடியும். அது பணத்தில் எவ்வளவு பெறும் என்று எனக்குத் தெரியாது. பெரியப்பாவைக் கேட்டால் தெரியும்.

என் கட்சியிலும் கள்ள நாணயங்கள் உண்டு, அவர்களை விட்டுவிட்டுப் பேசுவது யோக்கியமல்ல. 'ஒரே நாளில் கிட் கட்டுங்கள்' என்று வீடியோ போடுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து ஒரு வரி விடாமல் அடித்துவிட்டு, 'நான் கிட் செய்தேன்' என்று வேலை மனுவில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கும் ஆஸ்பத்திரிப் புரொகிராம் வாங்கினவனுக்கும் நான் பேதம் பார்க்கவில்லை. என் நோட்டுப் புத்தகத்து உதாரணத்தைக் காட்டி அவர்கள் என்னை மடக்கலாம்: நீயும் காப்பிதானே அடித்தாய்? அடித்தேன். ஆனால் அதை என் கதை என்று பத்திரிகைக்கு அனுப்பவில்லை.

மருமகன் ஊருக்குப் போகுமுன் ஒரு சிறு தகராறு நடந்தது. மூன்றாவது கமிட்டில் நான் காரணம் எழுதும் இடத்தில் ஒரு அசட்டுத்தனமான வாசகம் எழுதியிருந்தேன். ஒரு எழுத்தாளரைப் பற்றி. அதை மட்டும் மாற்றிவிடு என்றேன். "மாத்தலாம் மாமா. ஆனா அந்தச் சீட்டோட பேர் மாறிடும். அடுத்த சீட்டுக்குள்ள இந்தப் பேர் இருக்கு, அதனால அதோட பேரும் மாறும். அப்படியே கடைசிவரைக்கும் முப்பத்தெட்டும் மாறும். பழைய பேரை யாராவது குறிச்சு வெச்சிருந்தா கண்டுபிடிச்சிடுவாங்க" என்றான். யார் குறித்து வைத்திருக்கிறார்கள் என்றேன். "நான்" என்றான். வாசகம் அப்படியே இருக்கிறது.

நாற்பத்தொன்று நாற்பத்தொன்றாகவேதான் இருக்கிறது. மறுபரிசீலனைக்கு எழுதிக் கொடுத்ததற்குப் பதில் இல்லை. நேற்று போன் செய்தான். இப்போது மெர்ஜில் கை வைத்திருக்கிறான். ஒரே மூலத்திலிருந்து இரண்டு பேர் தனித்தனியே திருத்திய பிரதிகளை ஒன்றாகச் சேர்ப்பது. இரண்டையும் மட்டும் பார்த்தால் போதாதாம், இரண்டுக்கும் பொதுவான முன்னோரையும் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் யார் எதை மாற்றினார் என்று தெரியுமாம். சோதித்துப் பார்க்கப் பிரதி வேண்டும், இங்கிலீஷ் வேண்டாம் என்றான். எட்டாம் அத்தியாயத்தில் நான் திருத்தியதையும், பதிப்பாசிரியர் என்னைக் கேட்காமல் திருத்தியதையும், இருவரும் கை வைப்பதற்கு முந்தியதையும் அனுப்பியிருக்கிறேன். நகல்தான். மூலம் என்னிடம் இருக்கிறது.